மல்லாக்கப் படுத்த குழந்தை: திருப்பூர்ப் பேரேட்டில் எழுதாத ஒரு வரி

திருப்பூரில் தைக்கிற கைக்குழந்தை உடுப்பு ஒன்று, கன்டெய்னர் ஏறுவதற்குள் எத்தனை எண்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று எழுதிப் பார்த்தால் ஒரு முழுப் பக்கம் பிடிக்கும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் முடிந்து வரும் துணியை ஜிஎஸ்எம் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி எடுக்கிறது. வட்டத்தின் எடை 1.8 கிராம் என்றால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். தைத்து முடித்தபின் பிரஸ் பட்டனை இயந்திரத்தில் மாட்டி 90 நியூட்டன் விசையில் 10 விநாடி இழுக்கிறார்கள். பட்டன் கழன்றால் லாட் நின்றுவிடும், ஏனென்றால் கழன்ற பட்டன் குழந்தையின் தொண்டைக்குப் போகும். ஐரோப்பாவுக்குப் போகும் உடுப்பாக இருந்தால், 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் இழுநாடாவே கூடாது என்கிறது இஎன் 14682 தரவிதி. குழந்தை உள்ளே படுத்துத் தூங்கும் தூக்கப் பைக்கு இஎன் 16781 என்று தனி விதி உண்டு. அதில் தலைமூடி கூடாது, கழுத்துத் திறப்பு வழியே தலை உள்ளே நழுவக் கூடாது. கடைசியில் பாலிபேக். அதில் மூச்சுத் திணறல் எச்சரிக்கை அச்சாகியிருக்க வேண்டும், அதுவும் பல மொழிகளில்.

குழந்தை மூச்சோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே இவற்றில் பெரும்பாலான எண்கள். எங்கோ இறந்த குழந்தைகளை ஓர் அரசாங்கம் ஒவ்வொன்றாக எண்ணிக் காரணம் தேடியதால் அவை விதிகளாயின. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை அனுப்பும் ஊர் இந்த விதிகளை அச்சுப் பிசகாமல் காப்பாற்றுகிறது. அதே ஊரில் செக்கிங்கிலும் கைமடியிலும் ஓவர்லாக்கிலும் உட்காரும் பெண்களின் சொந்தக் குழந்தைகள் எப்படிப் படுத்துத் தூங்குகின்றன என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். அதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

நன்றாக இருந்த குழந்தை தூக்கத்தில் இறந்துவிடுகிறது. பிரேதப் பரிசோதனை செய்தும், இறந்த இடத்தைப் பார்த்தும், நோய் வரலாற்றைக் கேட்டும் காரணம் கிடைக்கவில்லை. ஒரு வயதுக்குள் இப்படி நேரும் இறப்பைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். 1969ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கூடிய மருத்துவர்கள்தான் இதற்கு முதலில் வரையறை வகுத்தார்கள். இந்த இறப்புகளில் சுமார் 90 சதவீதம் முதல் 6 மாதத்துக்குள் நடக்கின்றன. உச்சம் 2 முதல் 4 மாதம். இந்த ‘2 முதல் 4’ என்ற எண்ணை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே வரும் கணக்கு முழுவதும் அதைச் சுற்றியே வருகிறது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1974ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி ஆராய்ச்சிப் பொறுப்பை அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஆனால் விடை முதலில் தெளிவானது வேறு இடங்களில். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பீட்டர் ஃபிளெமிங் குழுவினர் திடீரென்று இறந்த 67 குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், அதே வயதில் உயிரோடு இருந்த குழந்தைகளின் வீடுகளோடு ஒப்பிட்டார்கள். 1990ல் வெளியான முடிவு: குப்புறப் படுக்க வைத்த குழந்தைக்கு ஆபத்து 8.8 மடங்கு. நம் ஊர்க்காரர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இன்னோர் எண்ணும் அந்த ஆய்வில் இருந்தது. துணி எவ்வளவு சூட்டைத் தடுத்து வைக்கும் என்பதை அளக்கும் அலகு டாக். குழந்தை மேல் இருந்த துணிகளின் மொத்தம் 8 டாக்கைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு டாக்குக்கும் ஆபத்து 1.14 மடங்கு ஏறியது. திருப்பூர் இன்று ஏற்றுமதி செய்யும் தூக்கப் பையில் 0.5, 1.0, 2.5 என்று டாக் எண் போடுவது வெறும் விற்பனைத் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

நியூசிலாந்து இன்னும் பெரிதாகச் செய்தது. 1987 முதல் 1990 வரை மூன்று ஆண்டில் இறந்த 485 குழந்தைகளையும், ஒப்பிடுவதற்கு 1,800 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். குப்புறப் படுக்க வைத்தல், தாய் புகைபிடித்தல், தாய்ப்பால் இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்தே 79 சதவீத இறப்புக்குக் கணக்குச் சொல்லும் என்று முதல் ஆண்டுத் தரவிலேயே தெரிந்தது. மூன்றுமே மாற்றக்கூடியவை. மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

1991 டிசம்பரில் பிரிட்டன் அரசு பிரசாரத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட், அதற்காக அமைச்சகத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற வரியை முன்னே வைத்து நாடு முழுவதும் விளம்பரம் போனது. அன்றிலிருந்து அங்கே இந்த இறப்பு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் கழகம் 1992ல் பரிந்துரைத்தது, 1994ல் அரசுப் பிரசாரம் தொடங்கியது. அங்கே 1990ல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளில் 130.3 பேர் இப்படி இறந்தார்கள், 2020ல் 38.4 பேர். இதில் ஒரு பகுதி பெயர் மாற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு திடீர் மரணம் என்று எழுதியவற்றில் சிலவற்றை இப்போது படுக்கையில் மூச்சடைப்பு என்று எழுதுகிறார்கள். எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தால் 154.6லிருந்து 92.9க்கு இறங்கியிருக்கிறது. இதுவும் சிறிய இறக்கம் அல்ல.

ஒரு கணக்கைப் படித்த நாளிலிருந்து என்னால் அதை மறக்க முடியவில்லை. 2005ல் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து என்று முடிவு கட்டப் போதுமான தரவு 1970லேயே இருந்திருக்கிறது. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பெற்றோர்கள் வேதமாகப் படித்த பெஞ்சமின் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்பு நூல், 1950களின் பிற்பகுதியிலிருந்து குப்புறப் படுக்க வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நேரத்தோடு கூட்டியிருந்தால் பிரிட்டனில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்த்து குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருப்பார்கள். தரவு கையில் இருந்தும் கூட்டாமல் விட்டதற்கான விலை அது.

இனி நம் மாவட்டம். திருப்பூர் மாவட்டம் 2009 பிப்ரவரியில் பிறந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 24.79 லட்சம். மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 13.8. பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 34,000 பிறப்பு. அதே அறிக்கையில் தமிழ்நாட்டின் சிசு இறப்பு விகிதம் 13, இந்தியாவின் விகிதம் 28. நம் மாநிலம் இதில் பெருமைப்படலாம், தவறில்லை. 34,000க்கு 13 என்றால் 442 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போகின்றன. அவற்றில் முதல் 28 நாளுக்குள் போகிறவை, ஆயிரத்துக்கு 9 என்ற கணக்கில் 306. குறைமாதம், எடைக்குறைவு, பிரசவ மூச்சடைப்பு, பிறவிக் கோளாறு என்று பெரும்பாலும் இவற்றுக்கு மருத்துவமனைக் காரணம் உண்டு. மீதி 136. ஒரு மாதம் தாண்டி வீட்டுக்கு வந்து, பால் குடித்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியபின் போகும் குழந்தைகள் இவை.

இந்த 136ல் திடீர் சிசு மரணம் எத்தனை? மாவட்டப் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. பிற இடங்களின் விகிதத்தை நம் 34,000 மேல் வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஹாங்காங்கில் டேவிஸ் என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் கண்ட விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 0.3. அப்போது உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அங்கே குழந்தையை மல்லாக்கப் போடுவதே வழக்கம் என்பதை அவர் அப்போதே கவனித்து எழுதினார். அந்த விகிதத்தில் திருப்பூருக்கு ஆண்டுக்கு 10. அமெரிக்காவின் 2020 விகிதத்தில் 13. அமெரிக்காவின் 1990 விகிதத்தில் 44. பிரிட்டனில் பிரசாரத்துக்கு முன்பிருந்த, ஆயிரத்துக்குச் சுமார் 2 என்ற விகிதத்தில் 68. இவை எண்ணப்பட்ட இறப்புகள் அல்ல, வெறும் பெருக்கல். ஆனால் நிரப்பாமல் கிடக்கும் கட்டம் எவ்வளவு பெரியது என்பதை இந்தப் பெருக்கல் காட்டுகிறது.

கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. சர்வதேச நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இந்த மரணத்துக்கு ஆர்95 என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதை உறுதியாக எழுத மருத்துவர் வேண்டும், பிரேதப் பரிசோதனை வேண்டும். இந்தியாவில் 2020ல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தவை 22.5 சதவீதம் மட்டுமே. விடிகாலையில் அசையாமல் கிடக்கும் குழந்தையை அறுக்கக் கொடுக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? பால் புரையேறிவிட்டது, வலிப்பு வந்துவிட்டது என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு இன்னொரு பாரமும் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை இங்கே இருந்தது. அந்த நினைவினால், வீட்டில் ஒரு பெண் சிசு இறந்தால் ஊரின் கண் முதலில் தாய் மேல்தான் விழும். தூக்கத்தில் குழந்தையை இழந்தவள் துக்கத்தோடு பயத்தையும் சுமக்கிறாள். ஆகவே காரணம் கேட்டுப் போகிறவர் காவலரைப் போலக் கேட்கக் கூடாது.

நம் வீடுகளுக்குச் சாதகமான கணக்கும் இருக்கிறது, அதையும் எழுதியாக வேண்டும். 1980களில் இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியத் தாய்மார்களின் குழந்தைகளிடம் இந்த இறப்பு வெள்ளைக்காரக் குழந்தைகளைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் வீட்டுத் தாய்மார்கள் பெரும்பாலும் புகைப்பதில்லை, மது அருந்துவதில்லை, குழந்தையைத் தனி அறையில் விடுவதில்லை. தமிழ்நாட்டிலும் அப்படித்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே புகையிலை எந்த வடிவிலாவது பயன்படுத்தும் பெண்கள் 4.9 சதவீதம், அதிலும் பெரும்பங்கு மெல்லும் புகையிலை. கோரைப்பாயும் ஒரு வரம். தரையில் விரித்த பாய் கெட்டியானது, தட்டையானது, முகம் புதையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டி கேட்பதும் அதைத்தான்: கெட்டியான, சமமான, சாய்வில்லாத படுக்கை, மேலே தலையணையோ பொம்மையோ போர்வையோ வேண்டாம், குறைந்தது 6 மாதம் பெற்றோர் அறையிலேயே. பஞ்சு மெத்தை, குட்டித் தலையணை, பக்கத்துக்கு ஒரு உருளை என்று சீர்வரிசையில் இப்போது வரும் செட் இருக்கிறதே, அதைவிட நம் பாட்டியின் பாய் பாதுகாப்பானது.

பாதகமான பக்கம் இது. அதே ஆய்வில் தமிழ்நாட்டு ஆண்களில் புகையிலை பயன்படுத்துகிறவர்கள் 20.1 சதவீதம், மது அருந்துகிறவர்கள் 25.4 சதவீதம். லைன் வீட்டின் ஒரே அறையில் நான்கைந்து பேர் வரிசையாகப் படுக்கும்போது, குடித்துவிட்டு வந்தவர் குழந்தைக்குப் பக்கத்தில் படுத்தால் அந்தப் பாயின் பாதுகாப்பு போய்விடுகிறது. குழந்தை தாய்க்கும் சுவருக்கும் நடுவே சிக்காமல், தாய்க்குப் பக்கத்திலேயே, தனி விரிப்பில் கிடக்க வேண்டும். குடித்தவரும் புகைத்தவரும் அறையின் மறுகோடியில் படுக்கட்டும். அடுத்தது சூடு. பிரிட்டனில் குழந்தை அறைக்கு 16 முதல் 20 டிகிரி என்பது அறிவுரை. சித்திரையில் 38 டிகிரியைத் தொடும் திருப்பூரில், தகரக் கூரைக்கடியில், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆனால் அதன் உட்பொருள் இங்கேதான் அதிகம் பொருந்தும். சளி பிடிக்கும் என்று குல்லாய், கையுறை, காலுறை, அதன்மேல் துவாலைச் சுற்று என்று நாம் ஏற்றும் டாக் ஒவ்வொன்றும் வேண்டாத சுமை. தூங்கும்போது ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும், தலையில் எதுவும் வேண்டாம். குளித்ததும் காட்டுகிற சாம்பிராணிப் புகையையும் நிறுத்திவிடலாம். பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் புகைதான்.

சேலைத் தொட்டிலைப் பற்றிச் சொன்னால் கோபம் வரும் என்று தெரியும். பூச்சி பொட்டு அண்டாமல், ஒரு காலால் ஆட்டிக்கொண்டே ஜாப் ஒர்க் பீஸுக்குப் பிசிறு வெட்டுகிற தாய்க்கு அது கூடுதல் கை. அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வளைந்த துணியில் குழந்தையின் தாடை நெஞ்சில் படிகிறது, விரல் பருமன்கூட இல்லாத மூச்சுக்குழல் மடங்குகிறது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கக் கூடாதென்று அமெரிக்கா 2022ல் சட்டமே போட்டது. அதற்கு முன் 2019ல் ஒரே நிறுவனத்தின் சாய்வுப் படுக்கைகள் 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. தொட்டிலில் ஆட்டித் தூங்க வையுங்கள், கண் அசந்ததும் எடுத்துப் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரண்டு, மூன்று மாதக் குழந்தைக்கு இதுதான் முக்கியம். ஓரளவு வளர்ந்த அண்ணனோ அக்காவோ அதே சேலையில் ஏறி முறுக்கி விளையாடிக் கழுத்து சிக்கிய விபத்துகளும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. குழந்தை இல்லாத நேரத்தில் சேலையை அவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

“குப்புறப் போட்டாத் தானுங்க சிஸ்டர் பச்சக்கொழந்தை அசந்து தூங்குது” என்று செவிலியரிடம் பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும், எளிதில் விழிக்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. முகத்தருகே தேங்கும் தன் மூச்சுக் காற்றையே குழந்தை திரும்பத் திரும்ப இழுக்கும்போது, மூளைத்தண்டு அலாரம் அடித்து எழுப்ப வேண்டும். சில குழந்தைகளுக்கு அந்த அலாரம் இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. எந்தக் குழந்தைக்கு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 1994ல் ஃபிலியானோவும் ஹன்னா கின்னியும் இதை மூன்று வட்டங்களாக விளக்கினார்கள்: உள்ளே பலவீனம், ஆபத்தான வயது, வெளியிலிருந்து ஓர் அழுத்தம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் இறப்பு. முதல் இரண்டில் நமக்குக் கை இல்லை, மூன்றாவது மட்டுமே நம்மிடம் இருக்கிறது. மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறுமே என்ற பயத்துக்கும் உடற்கூற்றில் பதில் உண்டு. மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலே இருக்கும், உணவுக்குழல் கீழே. கக்கிய பால் மேல்நோக்கி ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும். குப்புறப் படுக்கும்போதுதான் அது நேராக இறங்கும். தலை தட்டையாகிவிடும் என்ற கவலைக்கு, தலையை ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் திருப்பி வைத்தால் போதும். விழித்திருக்கும்போது, ஆள் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறப் போட்டு விளையாட விடுவது கழுத்துக்கு நல்லது.

தாய்ப்பாலுக்கு வருவோம். 2017ல் எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், குறைந்தது 2 மாதம் தாய்ப்பால் குடித்தாலே இந்த ஆபத்து கிட்டத்தட்டப் பாதியாகிறது, கொஞ்சம் புட்டிப்பால் கலந்தாலும்கூட. தமிழ்நாட்டில் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை 55.1 சதவீதம். நூற்றில் மீதி 45 குழந்தைகளுக்கு ஏன் வேறு உணவும் சேர்கிறது என்பதில் வேலைக் கணக்குக்கும் பங்கு உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் பெயர் இருந்தால் 26 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதாவது ஆபத்தான வயது முழுவதும் தாய் வீட்டில் இருக்கலாம். பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் இருப்பவளுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாயில் பணமாக வருவது 14,000. அதை 26 வாரத்தின் 182 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 77 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ல் அறிவித்த கூலி 336 ரூபாய். நாளொன்றுக்கு 259 ரூபாய் பள்ளம். அந்தப் பள்ளத்தால்தான் மூன்றாம் மாதமே ஒன்றரை ஷிப்டுக்குத் திரும்புகிறாள், குழந்தை பக்கத்து வீட்டு அக்காவின் மடிக்குப் போகிறது.

கை மாறும் இந்த நேரமும் ஆபத்தானது. அமெரிக்காவில் 1990களில் இந்த இறப்புகளில் சுமார் 20 சதவீதம் குழந்தைக் காப்பகங்களில் நடந்தன. வீட்டில் மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையைப் புதிய கை குப்புறப் போட்டதுதான் அங்கே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது, பின்னர் திருத்தப்பட்ட 1948 தொழிற்சாலைச் சட்டம், 50 தொழிலாளர் இருந்தால் என்றது 2017 மகப்பேறு திருத்தம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பிலும் அந்த 50 நிற்கிறது. காப்பகம் இருக்கும் கம்பெனிகளில் சுவரில் ஒரு படம் ஒட்டினால் போதும்: மல்லாக்க, ஒரு விரிப்புக்கு ஒரு குழந்தை.

இப்போது செலவுக் கணக்கு. அரசு வெறுங்கையோடு நிற்கவில்லை. 2015ல் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 1,000 ரூபாய் மதிப்பில் 16 பொருள்கள், அவற்றில் குழந்தைக்குப் படுக்கையும் பாதுகாப்பு வலையும் இருந்தன. பின்லாந்து 1938ல் ஏழைத் தாய்மாருக்கும் 1949ல் எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கத் தொடங்கிய பெட்டிக்கு இது நிகர். பின்லாந்தில் அந்தப் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 66.9 சதவீதம் அரசு மருத்துவமனையில் நடக்கின்றன, அந்த விகிதத்தில் நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 22,700 பெட்டகம், 2 கோடியே 27 லட்சம் ரூபாய். பெட்டக மூடியின் உட்புறம் மல்லாக்கப் படுத்த குழந்தையின் படம் ஒன்றை அச்சிட்டால், பிளேட் செலவு தவிர வேறு செலவில்லை.

வீட்டுக்குச் சென்று பார்க்கும் தேசியத் திட்டத்தில் ஓர் ஓட்டை தெரிகிறது. பச்சிளம் குழந்தையைக் களப்பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் பார்க்கிறார்கள். அடுத்த சந்திப்பு மூன்றாம் மாதம். 42ஆம் நாளிலிருந்து 90ஆம் நாள் வரை 48 நாள் யாரும் போவதில்லை. திடீர் மரணத்தின் உச்சம் தொடங்கும் 60ஆம் நாள் அதற்குள்தான் வருகிறது. இரண்டாம் மாதம் முடியும்போது கூடுதலாக ஒரு சந்திப்பு வைத்து, இப்போதைய ஒரு சந்திப்பு ஊக்கத்தொகையான 50 ரூபாய் கொடுத்தால், 34,000 குழந்தைக்கு 17 லட்சம் ரூபாய் ஆகும். 40,000 கோடி ஏற்றுமதியை ஆண்டின் நிமிடங்களுக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு 7.6 லட்சம். ஊர் இரண்டே கால் நிமிடத்தில் ஈட்டும் தொகை அது.

அந்தச் செலவுகூட இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, புதன்கிழமைத் தடுப்பூசி வரிசை. பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14 வாரங்களில், அதாவது 42, 70, 98ஆம் நாள்களில் போடப்படுகிறது. கடைசி இரண்டும் ஆபத்தான வயதின் நடுவே விழுகின்றன. ஊசி போட்டபின் 30 நிமிடம் அங்கேயே உட்கார வைக்கிறார்கள். செவிலியர் நான்கு செய்தி சொல்வது விதி: என்ன ஊசி, என்ன பின்விளைவு வரலாம், அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஐந்தாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தால், 34,000 குழந்தைக்கு மூன்று முறை வீதம் 1,02,000 சந்திப்பு. ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 3,400 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 425 நாள். ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்யும் ஏறக்குறைய ஒன்றரைச் செவிலியரின் நேரம், அவிநாசி முதல் மடத்துக்குளம் வரை முழு மாவட்டத்துக்கும்.

அந்த வரிசையில் இன்னொரு பயமும் உட்கார்ந்திருக்கும், அதையும் கணக்கால் தீர்க்கலாம். 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடும் கேரளமும் பென்டாவேலன்ட் ஊசியைக் கொண்டுவந்தன. ஊசி போட்ட மறுநாள் குழந்தை இறந்தால் பழி ஊசி மேல் விழும். அதே 13.8 என்ற 2020 விகிதப்படி தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பிறப்பு. அமெரிக்காவின் 2020 விகிதத்தைக் கொண்டு பெருக்கினால் திடீர் மரணம் 384, அதில் முதல் 6 மாதத்தில் 346. மூன்று ஊசிக்கும் பிந்தைய இரண்டிரண்டு நாள், மொத்தம் 6 நாள், 180 நாளில் முப்பதில் ஒரு பங்கு. ஊசிக்கும் இறப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், தற்செயலாகவே ஆண்டுக்குப் பதினோரு இறப்பு ஊசியை ஒட்டி வரும். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2003ல் தரவுகளை ஆராய்ந்து, பல ஊசிகளைச் சேர்த்துப் போடுவதால் திடீர் மரணம் வருகிறது என்ற கருத்துக்குச் சான்றுகள் எதிராகவே இருக்கின்றன என்றது. 2007ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஊசி போட்ட குழந்தைகளிடம் இந்த மரணம் சுமார் பாதியாகவே இருந்தது. செவிலியர் ஊசிக்கு முன்பே தூக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தால், அப்படி ஒரு துக்கம் நேரும் வீட்டிலும் நம்பிக்கை முறியாது.

வரிசையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துப் பெண்களும் நிற்கிறார்கள். மல்லாக்கப் படுத்த குழந்தையின் படத்துக்கு மொழி வேண்டாம். எழுத்து வேண்டுமென்றாலும், பாலிபேக் எச்சரிக்கையைப் பல மொழியில் அச்சிடும் ஊருக்கு இந்தி, ஒடியா, வங்காளம் ஒரு நாள் வேலை. புலம்பெயர்ந்த குடும்பத்தில் குழந்தை இறந்தால் துக்கத்தோடு சொந்த ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள், நம் பேரேட்டிலிருந்து அந்த ஒரு வரியும் போய்விடுகிறது. ஆகவே அவர்களிடம் கேட்பது உடனே நடக்க வேண்டும்.

2014ல் மத்திய அரசு வெளியிட்ட குழந்தை இறப்பு ஆய்வு வழிகாட்டிப்படி, இறந்த வீட்டுக்குச் சென்று வாய்மொழியாக விசாரிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. தூக்கத்தில் இறந்தது என்று சொல்லும் வீட்டில் ஐந்து கேள்வி கேட்டால் போதும். கடைசியாகப் படுக்க வைத்தபோது மல்லாக்கவா, குப்புறவா? பார்த்தபோது எப்படிக் கிடந்தது? பாயா, மெத்தையா, தொட்டிலா? பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள்? மேலே என்ன துணி? ஒரு மாதம் தாண்டி இறக்கும் 136 வீடுகளிலும் கேட்டால் ஆண்டுக்கு 680 பதில். வட்டார வாரியாகக் கூட்டி, மாவட்ட ஆட்சியர் நடத்தும் இறப்பு ஆய்வுக் கூட்டத்தில் ஒரே தாளில் வைத்துவிடலாம். மூன்று ஆண்டில் 408 வீடு, 2,040 பதில். நியூசிலாந்தின் மூன்றாண்டு ஆய்வில் இருந்ததும் 485 வீடுகள்தான்.